வளர்ந்தோருக்கும் ஒரு கமரா வகுப்பு

முன்பெல்லாம் பெருநாளைக்குப் புதுச்சட்டை தைத்தால், ஸ்டூடியோவுக்குப் போய் ஒரு படம் எடுத்துக்கொள்வது எங்கள் குடும்பத்தில் வழக்கமாம். அப்படி எடுத்த படங்களை உம்மம்மா ஓர் அல்பத்தில் ஒட்டி அலுமாரியில் வைத்திருந்தார். 1990 ஒக்டோபரில் வட மாகாண முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டபோது அந்த அல்பம் முல்லைத்தீவிலேயே தங்கிவிட்டது. அதனால் உம்மா சிறுவயதில் எப்படி இருந்தார் என்பது இன்றுவரை எனக்குத் தெரியாது.

இது எங்கள் வீட்டுக் கவலை மட்டுமல்ல. 2004 டிசம்பர் 26 ஆம் திகதி சுனாமி இக்கரையோரத்து வீடுகளை அள்ளிச் சென்றது. 2009 இல் முடிந்த யுத்தத்தில் எத்தனையோ தமிழ்க் குடும்பங்கள் கையில் அகப்பட்டதோடு மட்டும் ஓடின. வன்னியில் பழைய குடும்பப் படம் ஒன்றைச் சுவரில் பார்ப்பது அரிது.

இன்று நிலைமை மாறிவிட்டது. வீட்டுக்கு வீடு கமரா உள்ள கைத்தொலைபேசி இருக்கிறது. ஆனால் படம் எடுப்பவர்கள் பெரும்பாலும் பிள்ளைகளாகிய நாங்கள்தான். பெரியவர்களிடம் நீட்டினால், "எனக்கு இதெல்லாம் தெரியாது மகள், நீயே எடு" என்று திருப்பித் தந்துவிடுகிறார்கள். இந்தத் தயக்கத்தைப் போக்குவதற்கு வளர்ந்தோருக்கான புகைப்பட வகுப்பு எவ்வளவு உதவும் என்பதை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

"இந்த வயதில் பழகி என்ன செய்ய?" என்று கேட்போருக்கு நம் நாட்டிலேயே பதில் உண்டு. உலகப் புகழ்பெற்ற புகைப்படக் கலைஞர் ஜூலியா மார்கரெட் கமரன் முதன்முதலில் கமராவைக் கையில் எடுத்தபோது அவருக்கு வயது 48. அது மகள் கொடுத்த அன்பளிப்பு. 1875 இல் இலங்கைக்கு வந்து, 1879 இல் இங்கேயே காலமானார். கொழும்பில் எவருடைய பெயரில் கலையரங்கம் நிற்கின்றதோ அந்த லயனல் வென்ட், சட்டம் படித்தவர், பியானோ வாசித்தவர். முப்பது வயதைத் தாண்டிய பின்னரே அவர் புகைப்படக்கலையில் முழுமூச்சாக இறங்கினார்.

அவர்கள் வசதி படைத்தவர்கள் என்று சொல்லலாம். அப்படியானால் நாகப்பட்டினத்தைப் பாருங்கள். தமிழ்நாட்டுப் புகைப்படக் கலைஞர் எம். பழனி குமாரின் தாய், மீன் விற்றுப் பிள்ளைகளை வளர்த்தவர். 'பாரி' எனப்படும் கிராமப்புற இந்திய மக்கள் காப்பகத்தில் பணியாற்றிய அவர், நாகப்பட்டினக் கரையில் மீன்தொழில் செய்யும் பெண்களுக்குக் கமரா பழக்கினார். அதுவரை வெளியூரார் வந்து அவர்களைப் படம் எடுத்தார்கள். இப்போது அவர்கள் தம் தொழிலைத் தாமே படம் எடுக்கிறார்கள். நாகப்பட்டினமும் எங்களைப் போல அதே சுனாமியில் அடிபட்ட கரைதான்.

இதற்கு முன்னரே சீனாவின் யுனான் மாகாணத்தில் ஒரு முயற்சி நடந்தது. 1990களின் தொடக்கத்தில் கரோலின் வாங், மேரி ஆன் பரிஸ் ஆகிய இருவர் 62 கிராமத்துப் பெண்களிடம் கமராக்களைக் கொடுத்து, தங்கள் வாழ்க்கையைப் படமெடுக்கச் சொன்னார்கள். தாய் வயலில் வேலை செய்ய, குழந்தை தனியே கிடக்கும் காட்சியும் அப்படங்களில் இருந்தது. அதைப் பார்த்தபோது, குழந்தைகளைப் பராமரிக்க ஓர் இடம் வேண்டும் என்ற பேச்சு எழுந்தது. வாயால் சொல்லி விளங்காததை ஒரு படம் அதிகாரிகளுக்கு விளங்க வைத்தது. இம்முறையில் ஒவ்வொரு படத்தையும் நடுவில் வைத்து ஐந்து கேள்விகள் கேட்பார்கள். இதில் என்ன தெரிகிறது? உண்மையில் என்ன நடக்கிறது? இது நம் வாழ்வோடு எப்படித் தொடர்புபடுகிறது? இந்நிலை ஏன் வந்தது? நாம் என்ன செய்யலாம்?

முல்லைத்தீவிலிருந்து கொக்கிளாய்க்குப் போகும் வீதியில் இருக்கிறது நாயாறு. ஒரு பக்கம் கடல், மறு பக்கம் களப்பு. வாடிகள், வலைகள், கருவாடு காயும் மணல் என்று படத்துக்குப் பஞ்சமில்லாத ஊர். அங்கே இப்படி ஒரு வகுப்பு தொடங்கப் பெரிய கட்டடம் தேவையில்லை. பொதுநோக்கு மண்டபம் ஒன்று போதும். பத்துப் பேரும் அவரவர் கைத்தொலைபேசியும் இருந்தால் சனிக்கிழமைகளில் நடத்தலாம். பெண்களுக்குத் தனி நேரம் ஒதுக்கினால் எங்கள் உம்மாமாரும் தயங்காமல் வருவார்கள்.

முதல் பாடம் வெளிச்சம். கிடுகுக் கூரையின் சிறு ஓட்டைகளால் தரையில் விழும் வட்ட வெளிச்சங்களை எல்லோரும் கண்டிருப்போம். ஓட்டை எந்த வடிவமானாலும் வெளிச்சம் வட்டமாகவே விழும். ஏனெனில் அது சூரியனின் பிம்பம். சூரிய கிரகணத்தின்போது அவ்வட்டங்கள் பிறைகளாக மாறும். இதை ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் ஆராய்ந்தவர் பஸ்ராவில் பிறந்த முஸ்லிம் அறிஞர் இப்னுல் ஹைதம். பொருள்களிலிருந்து வரும் ஒளி கண்ணுக்குள் புகுவதாலேயே நாம் பார்க்கிறோம் என்பதை 'கிதாபுல் மனாழிர்' என்ற நூலில் அவர் விளக்கினார். கமராவும் அந்த ஓட்டையின் வேலையைத்தான் செய்கிறது. ஓட்டை இருந்த இடத்தில் வில்லை இருக்கிறது, அவ்வளவே.

இரண்டாவது பாடம் பழக்கம். முதலில் வில்லையைத் துணியால் துடைக்க வேண்டும். கருவாட்டுக் கையும் சமையல் கையும் பட்டால் படம் மங்கும். நண்பகலில் களப்பு நீர் கண்ணைக் கூசும். முகம் கறுத்து விழும். ஆகவே காலையும் மாலையுமே நல்ல நேரம். திரையில் முகத்தின் மீது விரலை வைத்தால் கமரா முகத்துக்கேற்ப வெளிச்சத்தைச் சரிசெய்யும். தூரத்தில் நின்று பெரிதாக்காமல், இரண்டு அடி கிட்டே போவது நல்லது.

மூன்றாவது பாடம் பாதுகாப்பு. யாரிடமாவது பழைய படம் தப்பியிருந்தால் அதை ஜன்னலருகே சமதரையில் வைத்து, கைத்தொலைபேசியை நேர் மேலே பிடித்து, பிளாஷ் இல்லாமல் படியெடுக்கலாம். எடுத்த படங்களை இரண்டு இடங்களில் சேமிக்க வேண்டும். முக்கியமானவற்றைக் கழுவி, பின்புறம் பெயர், இடம், திகதி எழுத வேண்டும். கைத்தொலைபேசி தண்ணீரில் விழுந்தால் நூறு படங்கள் ஒரே நாளில் போய்விடும். அல்பத்தை இழந்த எங்களுக்கு இதை அதிகம் சொல்லத் தேவையில்லை.

நான்காவது பாடம் அனுமதி. படம் எடுப்பது பற்றி மார்க்க அறிஞர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. ஒவ்வொரு குடும்பமும் தன் முடிவின்படி நடக்கலாம். ஆனால் பிறரைக் கேட்காமல் எடுக்கக் கூடாது, எடுத்ததை அவரைக் கேட்காமல் பரப்பக் கூடாது என்பதில் யாருக்கும் மாற்றுக் கருத்து இருக்க முடியாது. முகம் காட்ட விரும்பாதவரின் கைகளைப் படமெடுக்கலாம். வலை பின்னும் கையும் ரொட்டி தட்டும் கையும் ஒரு வாழ்க்கையைச் சொல்லிவிடும். கமரா கையில் உள்ள பிள்ளைகளை நினைத்துப் பயப்படும் பெற்றோர், தாமும் அதைப் பழகினால் பயம் அறிவாக மாறும். பிள்ளைக்கு வழிகாட்டவும் முடியும்.

வகுப்பு தொடங்கும்வரை காத்திருக்காமல் நான் உம்மாவிடம் தொடங்கினேன். முதல் படத்தில் என் தலை பாதி இல்லை. மூன்றாவது படத்தில் நானும் கிணற்றடி முருங்கையும் ஒழுங்காக விழுந்தோம். பிறகு கைத்தொலைபேசியை வாங்கி உம்மாவை நான் எடுத்தேன். இரண்டையும் கழுவி, பின்னால் திகதி எழுதி வைத்திருக்கிறோம்.

அன்பு மாணவியரே, இந்த விடுமுறையில் உங்கள் உம்மாவுக்கோ வாப்பாவுக்கோ ஒரு பாடம் சொல்லிக்கொடுங்கள். பெற்றோரே, பிள்ளை கைத்தொலைபேசியை நீட்டும்போது திருப்பிக் கொடுக்காதீர்கள். நாளை எங்கள் பிள்ளைகள் "உம்மம்மா எப்படி இருந்தார்?" என்று கேட்கும்போது, காட்டுவதற்கு ஒரு படமாவது எங்களிடம் இருக்கட்டும்.