காடியில் ஓடும் கோர்ட்டினா

1963இல் ஃபார்முலா ஒன் உலகப் பட்டத்தை வென்ற ஜிம் கிளார்க், அடுத்த ஆண்டு பிரிட்டனின் சலூன் கார் பட்டத்தையும் வென்றார். அதற்கு அவர் ஓட்டியது ஒரு குடும்பக் கார்: ஃபோர்டு கோர்ட்டினா. லோட்டஸ் நிறுவனம் அதற்கு வேறு இன்ஜின் பொருத்தி, வெள்ளை உடம்பில் பச்சைப் பட்டை தீட்டியிருந்தது. வளைவில் திரும்பும்போது முன்பக்க உள்சக்கரம் தரையை விட்டு எழும்பிவிடும். கிளார்க் வேகத்தைக் குறைக்காமல் அப்படியே விரட்டுவார்.

அந்தக் கோர்ட்டினாவை 32இல் ஒரு பங்காகச் சுருக்கி, ஸ்லாட் காராகச் செய்திருக்கிறது ஸ்கேலக்ஸ்ட்ரிக் நிறுவனம். நீளம் 13 சென்டிமீட்டர்தான். அலமாரியில் வைத்து அழகு பார்க்கும் பொம்மையல்ல இது, பந்தயத்தில் ஓடுவது.

தச்சர் பலகையில் எடுக்கும் காடியைப் போல, அது ஓடும் தடத்தின் நடுவே ஒரு பள்ளம். காரின் மூக்குக்கு அடியில் நீட்டியிருக்கும் சிறு தகடு அதில் இறங்கிக்கொள்ளும். பள்ளத்தின் இருபுறமும் உள்ள உலோகப் பட்டைகளிலிருந்து, செம்புக் கம்பிப் பின்னல்கள் மின்சாரத்தை மோட்டாருக்கு எடுத்துச் செல்லும். கையிலுள்ள விசையை அழுத்தும் அளவுக்கு வேகம். ஸ்டியரிங் கிடையாது. வளைவில் வேகம் மிஞ்சினால் கார் காடியை விட்டுத் தூக்கியெறியப்படும்.

ஃப்ரெட் பிரான்சிஸ் என்ற ஆங்கிலேயர் முதலில் ஸ்கேலக்ஸ் என்ற பெயரில் சுருள்வில்லால் ஓடும் தகரக் கார்களை விற்றுவந்தார். அவற்றுக்கு மின்மோட்டார் வைத்து 1957இல் ஹாரோகேட் பொம்மைக் கண்காட்சிக்குக் கொண்டுவந்தார். எலெக்ட்ரிக் என்ற சொல்லின் வால் ஒட்டிக்கொண்டு, ஸ்கேலக்ஸ் ஸ்கேலக்ஸ்ட்ரிக் ஆனது.

பந்தயக் கார்கள் எத்தனையோ இருக்க, பழைய சலூன் கார்களின் மீது இவ்வளவு பாசம் ஏன்? அவை தெருவில் ஓடிய கார்கள். 1966இல் ஆஸ்திரேலியாவின் பாதர்ஸ்ட் பந்தயத்தில் முதல் ஒன்பது இடங்களையும் பிடித்தவை மினி கார்கள். அப்பா ஓட்டிய வண்டி ஜெயித்தது என்ற பெருமை ஒரு ஃபெராரியைப் பார்த்து வராது.

ஆனால் சலூன் கார் உயரமானது, வளைவில் சாயும். அதனால் இன்றைய மாடல்களின் அடியில் ஒரு காந்தம் இருக்கும். தடத்தின் இரும்புப் பட்டை அதை இழுத்துப் பிடித்துக்கொள்ளும். தேர்ந்தவர்கள் முதலில் கழற்றுவது அந்தக் காந்தத்தைத்தான். பிறகு டயர்களை உப்புத்தாளில் தேய்த்துச் சமமாக்குவார்கள். உடம்பைப் பிடித்திருக்கும் திருகுகளை அரைச் சுற்றுத் தளர்த்துவார்கள். அடித்தளத்தின் அதிர்வு மேலே ஏறாது, கார் சீராக ஓடும்.

இப்படித் தயாரான கோர்ட்டினா வளைவில் வாலை வீசிக்கொண்டு திரும்பும். உள்சக்கரங்கள் லேசாக எழும்பும்போதே விசையிலிருந்து விரல் தளர வேண்டும்.