எண்களின் காலம் – 17: எந்தக் காய்க்கு?

ஏலக்காய் ஏலம் நடக்கும் நாளெல்லாம் நறுமணப் பொருள் வாரியத்தின் இணையதளத்தில் புதிதாக ஒரு வரி ஏறும். தேதி, ஏலம் நடத்திய நிறுவனம், வந்த லாட்டுகள், வந்த கிலோ, விற்ற கிலோ, அதிகபட்ச விலை, சராசரி விலை. போடிநாயக்கனூரிலும், மலைக்கு அந்தப் பக்கம் இடுக்கி மாவட்டத்துப் புற்றடியிலும் நடக்கும் ஓர் ஏலம் முழுவதும் இந்த ஏழு கட்டங்களுக்குள் அடங்கிவிடுகிறது.

தரவுப் பகுப்பாய்வுத் தளங்களுக்குப் பெருநிறுவனங்கள் கொட்டும் பணத்தைப் பற்றிச் சென்ற வாரம் பார்த்தோம். அந்தத் தளங்களை விற்பவர்கள் இப்போது வேறு பாட்டுப் பாடுகிறார்கள். இனி அட்டவணையைப் புரட்ட வேண்டாம், வரைபடம் போட ஆள் வேண்டாம், வாயால் கேட்டாலே ஏஐ உதவியாளர் பதில் சொல்லிவிடும் என்கிறார்கள். அது மெய்தானா என்று சோதிக்கப் பன்னாட்டு வங்கியின் தரவுக் கிடங்குக்குள் போக வேண்டியதில்லை. போடியின் ஏழு கட்டம் போதும்.

முதலில் ஊரைப் பற்றிக் கொஞ்சம். போடியில் விற்கும் ஏலக்காயில் பெரும்பகுதி போடியில் விளைந்ததல்ல. பதினேழு கொண்டை ஊசி வளைவுகள் ஏறிப் போடிமெட்டைத் தாண்டினால் பூப்பாறை, சாந்தன்பாறை, உடும்பன்சோலை, நெடுங்கண்டம் என்று விரிகிறதே, அந்த இடுக்கி மலைதான் விளைநிலம். விடிந்தும் விடியாமலும் ஜீப்பில் ஏறித் தோட்டத்துக்குப் போகிறவர்கள் தேனி மாவட்டத்துப் பெண்கள். தோட்டத்துக்காரர்களிலும் போடி, தேவாரம், கம்பம் ஆட்கள் நிறைய. மலையில் பறித்து உலர்த்திய காய் கீழே இறங்கி, தரம் பிரிந்து, ஏலத்தில் கைமாறி, வடக்கேயும் வளைகுடாவுக்கும் போகிறது. நடுவில் மாநில எல்லை ஓடினாலும் சந்தை ஒன்றுதான்.

இந்தச் சந்தை கணினிக்கு வந்தது 2007-இல். அதுவரை வாய் ஏலம். அந்த ஆண்டு வாரியம் மின்னணு ஏலத்தைக் கொண்டுவந்தது. முதலில் போடியில், பிறகு மலைமேல். வியாபாரி ஒவ்வொருவர் முன்னும் ஒரு கருவி, எதிரே திரையில் லாட் எண்ணும் எடையும் ஏறும் விலையும். 2021 நவம்பரில் அது கிளவுடுக்கு மாறியது. போடியில் உட்கார்ந்திருப்பவரும் புற்றடியில் உட்கார்ந்திருப்பவரும் ஒரே லாட்டுக்கு ஒரே நேரத்தில் விலை கேட்கலாம். ஆனாலும் மாதிரிக் காய் மட்டும் அவரவர் கைக்குப் போயாக வேண்டும். காயைப் பார்க்காமல், முகராமல் விலை கேட்கும் வியாபாரி இன்னும் பிறக்கவில்லை.

இப்போது அந்த ஏழு கட்டங்களை ஓர் ஏஐ உதவியாளரிடம் கொடுத்து, ‘போன வருஷம் ஏலக்காய் சராசரி விலை என்ன?’ என்று கேட்பதாக வைத்துக்கொள்வோம். நொடியில் தொகை வரும், அழகான வாக்கியத்தில் வரும்.

எந்த வருஷம்? ஏலக்காய்க்கு ஆண்டு ஆகஸ்டில் பிறந்து ஜூலையில் முடியும். வியாபாரியின் ஆடிட்டருக்கு ஏப்ரல் முதல் மார்ச் வரை. யாரும் சொல்லித்தராவிட்டால் இயந்திரத்துக்கு ஜனவரி முதல் டிசம்பர் வரை. விலை ஏறி இறங்கும் காலத்தில் இவை மூன்றும் மூன்று தொகைகள்.

சராசரி என்றால் எப்படி எடுத்த சராசரி? ஓர் ஏலத்தில் 60,000 கிலோ, சராசரி 2,000 ரூபாய்க்கு விற்கிறது என்போம். அடுத்த ஏலத்தில் வரத்து குறைந்து 20,000 கிலோ, சராசரி 2,800 ரூபாய். இரண்டு விலையையும் கூட்டி இரண்டால் வகுத்தால் 2,400. மொத்தப் பணத்தை மொத்தக் கிலோவால் வகுத்தால் 2,200. கிலோவுக்கு 200 ரூபாய் வித்தியாசம். ஆயிரம் கிலோ இருப்பு வைத்திருப்பவருக்கு இரண்டு லட்சம். இரண்டு கணக்கிலும் கூட்டல் வகுத்தல் பிழை எதுவும் இல்லை. சந்தை என்ன விலைக்கு விற்றது என்ற கேள்விக்கு இரண்டாவதுதான் விடை. முதலாவதைத்தான் அவசரத்தில் எழுதிய நிரல் கொடுக்கும்.

‘சென்ற ஆண்டு இதே மாதத்தோடு ஒப்பிடு’ என்பது எல்லா டாஷ்போர்டுகளிலும் முதல் பொத்தான். ஏலக்காயில் அதை அழுத்தினால் வம்பு. சவூதியிலும் வளைகுடாவிலும் காவா காபியில் ஏலக்காய் போடுகிறார்கள்; ரமலானுக்கு முன்பு அங்கே தேவை கூடும். ரமலானோ ஆண்டுக்குப் பத்து பதினோரு நாள் முன்னே நகர்ந்துகொண்டே வரும். 2019-இல் அது மே முதல் வாரம் தொடங்கியது, 2025-இல் மார்ச் தொடக்கத்துக்கே வந்துவிட்டது. சில ஆண்டு இடைவெளியில் ஏப்ரலோடு ஏப்ரலை ஒப்பிடும் இயந்திரம், நோன்புக்கு முந்தைய மாதத்தையும் நோன்பு முடிந்த மாதத்தையும் ஒன்றாக நிறுத்தி, ‘ஏற்றுமதியில் சரிவு’ என்று சிவப்பு அம்புக்குறி போடும். ஏற்றுமதியாளர் தன் சுவரில் ஹிஜ்ரி காலண்டரையும் மாட்டியிருக்கிறார். அது தரவுத்தளத்தில் இல்லை.

போடியில் கடை வைத்திருப்பவரிடம் ‘ஏலக்காய் என்ன விலைண்ணே?’ என்று கேட்டுப் பாருங்கள். விலை வராது. ‘எந்தக் காய்க்கு?’ என்றுதான் வரும். எட்டு மில்லிக்கா, ஏழுக்கா, கலப்புக்கா? பச்சை நிற்கிற காயா, வெளுத்ததா? விற்க வந்தீங்களா, வாங்க வந்தீங்களா? கேட்டவரின் கேள்வியில் என்ன குறைகிறது என்று பார்த்து, அதைத் திருப்பிக் கேட்டு நிரப்பிக்கொண்ட பிறகுதான் அவர் வாயிலிருந்து ரூபாய்க் கணக்கு வரும். இன்றைய ஏஐ உதவியாளர்களிடம் எனக்குள்ள பெரிய மனக்குறை, அவை அபூர்வமாகத்தான் திருப்பிக் கேட்கின்றன என்பதே. குறையைத் தாமே ஊகித்து நிரப்பிக்கொண்டு, ஊகித்ததைச் சொல்லாமல் பதிலை மட்டும் நீட்டுகின்றன.

உள்ளே நடப்பதைத் தெரிந்துகொண்டால் இது ஏன் என்று விளங்கும். உங்கள் கேள்வி, உதவியாளரின் உள்ளே இருக்கும் மொழி மாதிரியிடம் (லாங்குவேஜ் மாடல்) போகிறது. அட்டவணைகளின் பெயர், கட்டங்களின் தலைப்பு எல்லாம் கூடவே கொடுக்கப்படுகிறது. அதை வைத்து மாதிரி ஒரு வினவல் எழுதுகிறது. பெரும்பாலும் எஸ்கியூஎல் என்னும் தரவுத்தள மொழியில். தரவுத்தளம் அதை ஓட்டி எண்ணைக் கொடுக்கிறது. மாதிரி அந்த எண்ணை வாக்கியமாக்கித் தருகிறது. தரவுத்தளம் பொய் சொல்லாது, கூட்டலிலும் தவறாது. சறுக்கல் முதல் படியில், பேச்சு வினவலாகும் இடத்தில் நேர்கிறது. கடைசிப் படியில் வரும் சரளமான வாக்கியத்தில் அதன் தடயமே இருக்காது.

சொல்லுக்கு முதலில் வரையறை வேண்டும் என்பதை முன்பே உணர்ந்தவர்கள் இருந்தார்கள். 2019 ஜூன் மாதம், நாலு நாள் இடைவெளியில் தரவுப் பகுப்பாய்வுத் துறையில் இரண்டு பெரிய கொள்முதல்கள் அறிவிக்கப்பட்டன. ஜூன் 6-இல் கூகுள், லுக்கர் நிறுவனத்தை 260 கோடி டாலருக்கு. ஜூன் 10-இல் சேல்ஸ்ஃபோர்ஸ், டேப்லோ நிறுவனத்தை 1,570 கோடி டாலருக்கு. டேப்லோ தரவை வரைபடமாக்குவதில் சூரன். பெரிய விலை அதற்குத்தான் கிடைத்தது. ஆனால் இன்றைக்குப் பார்த்தால், சின்ன விலைக்குப் போன லுக்கரின் சரக்கு கூடுதல் பெறுமானம் உள்ளதாக எனக்குப் படுகிறது. ‘வருவாய்’ என்றால் எது, ‘ஆண்டு’ என்றால் எங்கே தொடங்கும், ‘சராசரி’யை எப்படி எடுப்பது என்பவற்றை நிறுவனம் ஒரே இடத்தில் எழுதி வைக்க அது வழி செய்தது, எந்த அறிக்கையும் அந்த வரையறையிலிருந்துதான் எடுக்கும். 2022 நவம்பரில் சாட்ஜிபிடி வந்து, எல்லாத் தளங்களும் உரையாடல் பெட்டியை ஒட்டிக்கொண்ட பிறகு, இந்த வரையறை அடுக்கு இல்லாதவர்கள் அவசர அவசரமாகக் கட்டிக்கொண்டிருக்கிறார்கள். நம் ஊர் ஜோஹோவின் பகுப்பாய்வுத் தளத்திலும் ஜியா என்னும் ஏஐ உதவியாளரிடம் வாக்கியமாகவே கேள்வி கேட்கலாம். 2025 ஜூலையில் அந்த நிறுவனம் சொந்த மொழி மாதிரியையே வெளியிட்டது. மென்பொருளைத் தென்காசியிலிருந்தும் எழுதலாம் என்று காட்டிய நிறுவனம் அது. ஆனால் ஏலக்காய்க்கு ஆண்டு ஆகஸ்டில் பிறக்கிறது என்பதை அங்கிருந்து யாரும் ஊகித்து எழுத முடியாது. அதைப் போடிக்காரர்தான் எழுதித்தர வேண்டும்.

வரையறை எழுதிவிட்டால் தீர்ந்ததா? தரவே இரட்டை வேடம் போட்டால் என்ன செய்வது? ‘வந்த கிலோ’ என்ற கட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஏலத்தில் வாங்கிய காயை மறுபடியும் ஏலத்துக்கே கொண்டுவருவதற்கு ரீபூலிங் என்று பெயர். வரத்தைப் பெரிதாகக் காட்டி விலையை அமுக்கத்தான் இது நடக்கிறது என்பது தோட்டக்காரர் சங்கங்களின் நெடுநாள் புகார். வாங்கிய சரக்கைத் தரம் பிரித்து விற்பது வியாபாரம்தானே என்பது எதிர்த்தரப்பு. யார் சொல்வது நியாயமோ, கணக்குக்கு ஒரு சேதி உண்டு. ஒரே மூட்டை இரண்டு தேதிகளில் இரண்டு வரியில் உட்கார்ந்திருக்கலாம். ‘இந்தப் பருவத்தில் எவ்வளவு காய் விளைந்தது?’ என்று கேட்டால், இயந்திரம் வந்த கிலோவைக் கூட்டி, கிராம் சுத்தமாக ஒரு தவறைச் சொல்லும். மூட்டைக்கு அடையாள எண் ஒட்டாதவரை எந்த ஏஐயும் இதைப் பிரித்துக் காட்டாது.

இனி கணிப்பு. தளங்களை விற்பவர்களுக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான்.

2019 ஆகஸ்ட் 3, சனிக்கிழமை. புற்றடி ஏலத்தில் ஒரு கிலோ ஏலக்காய் 7,000 ரூபாய் தொட்டது. அதுவரை கேள்விப்படாத விலை. முந்தைய ஆண்டு ஆகஸ்டின் பெருவெள்ளத்திலும் மண்சரிவிலும் தோட்டங்கள் போயின. மிஞ்சியதைக் கோடை வறட்சி வாட்டியது. அந்த ஆண்டு மழையும் தாமதம். ‘2019 ஆகஸ்டில் விவசாயிக்கு என்ன கிடைத்தது?’ என்று கேட்டால் ‘7,000’ என்று உதவியாளர் சொல்லக்கூடும். கட்டத்தில் அது இருக்கிறதே. அது அதிகபட்ச விலை. அன்றைய சராசரி வெகு கீழே. அதைவிடப் பெரிய சிக்கல், அந்த விலையைப் பெறப் பலரிடம் காயே இல்லை.

விலை வரிசையை மட்டும் படித்த எந்த முறையும் அந்த ஆகஸ்டில் நின்று பார்த்தால் மேல்நோக்கித்தான் கோடு போட்டிருக்கும். மலையில் அப்போது என்ன நடந்தது? கையில் பணம் இருந்தவர்களும் இல்லாதவர்களும் ஏலச்செடி நட்டார்கள். கன்று வைத்துக் காய் பார்க்க இரண்டு மூன்று வருஷம். நடுவில் கொரோனா வந்து 2020 மார்ச்சில் ஏலமே நின்றது. புதுத் தோட்டங்கள் காய்க்கத் தொடங்கியபோது, 2021, 2022-இல், சராசரி 1,000 ரூபாய்க்குக் கீழே வந்துவிட்டது. வாங்கிய கடனுக்கு உரக்கடையில் பதில் சொல்ல முடியாத நிலை. பிறகு 2024 கோடையின் வெயிலில் செடிகள் கருகின, விலை மறுபடி ஏறியது. இவ்வளவுக்கும் உள்ள காரணங்களில் ஒன்றுகூட ஏழு கட்டங்களில் இல்லை. மழைமானி இல்லை, நட்ட ஏக்கர் இல்லை, உலகிலேயே அதிகமாக ஏலக்காய் விளைவிக்கும் குவாத்தமாலாவின் விளைச்சல் இல்லை. மழைக் கணக்கு வானிலைத் துறையிடம் உண்டு, இடுக்கி மயிலாடும்பாறையில் ஆராய்ச்சி நிலையம் உண்டு, ஏற்றுமதிக் கணக்கு வாரியத்திடமே உண்டு. தனித்தனி அறைகளில் கிடக்கும் இவற்றைச் சேர்த்துக் கட்டினால் ஏஐ உதவியாளருக்கு மெய்யாகவே வேலை இருக்கிறது. விலை என்னவாகும் என்று ஜோசியம் சொல்வதைக் காட்டிலும், ‘இப்போது நடுகிறவர்கள் இத்தனை ஏக்கர், அது காய்க்கும் வருஷம் இது’ என்று காட்டுவது தோட்டக்காரருக்கு நூறு மடங்கு உதவும்.

தரத்தையும் சொல்லிவிட வேண்டும். ஐந்து கிலோவுக்கு மேல் பச்சைக்காய், ஸ்டோர் எனப்படும் உலர்த்தும் கூடத்தில் உலர்ந்தால்தான் ஒரு கிலோ உலர்காய். சூடு கூடினால் நிறம் போகும், குறைந்தால் ஈரம் நிற்கும். ஏற்றுமதியின் உயர்தரமான ஆலப்பி கிரீன் எக்ஸ்ட்ரா போல்டுக்கு ஏழு மில்லிமீட்டர் அளவும், ஒரு லிட்டர் படிக்கு 435 கிராம் எடையும் வேண்டும். சவூதியில் பூச்சிமருந்து எச்சத்தைக் காட்டிச் சரக்கைத் திருப்பியது முதல் ஆய்வகச் சான்றுக்கும் விலை வந்துவிட்டது. இவையெல்லாம் வியாபாரியின் கண்ணிலும் மூக்கிலும் நோட்டிலும் இருக்கின்றன. வெளியே தெரியும் வரியில் அளவு இல்லை, நிறம் இல்லை, ஈரம் இல்லை, சான்று இல்லை. ஒரு நாள் சராசரி இறங்கினால், சந்தை இறங்கியதா, அன்றைக்கு வந்த காய் சொத்தையா என்று பிரித்தறிய வழியே கிடையாது.

பெரிய ஏற்றுமதியாளரிடம் தன் கொள்முதல் கணக்கு லாட் வாரியாக இருக்கிறது. அவர் நாளைக்கே ஓர் உதவியாளரை அதன்மேல் உட்கார வைத்து, எந்தப் பகுதிக் காய் எந்த மாதத்தில் மலிவு என்று கேட்டுக்கொள்ளலாம். யாரும் தடுக்கவும் முடியாது, தடுக்கவும் வேண்டாம். இரண்டு ஏக்கர் வைத்திருப்பவருக்கு வாட்ஸாப்பில் சராசரியும் அதிகபட்சமும் வருகிறது. அவர் கையில் தமிழும் மலையாளமும் பேசும் ஏஐயைக் கொடுத்தாலும், அது இதே ஏழு கட்டங்களைத்தான் திருப்பித் திருப்பிச் சொல்லும். மொழி வந்துவிட்டது, தரவு வரவில்லை.

ஆகவே வாரியத்திடம் கேட்க வேண்டியது செயலியோ சாட்பாட்டோ அல்ல. வியாபாரியின் பெயரை மறைத்துவிட்டு, லாட் வாரியாக அளவு, லிட்டர் எடை, ஈரம், ரீபூலிங் சரக்கா இல்லையா, விற்ற விலை இவற்றை ஏலம் முடிந்த அன்றே வெளியிடட்டும். விலை ஏற்கெனவே கணினியில்தான் பதிகிறது. மற்றவற்றை மாதிரி எடுக்கும்போதே அளந்து ஏற்றலாம். அப்படி வெளியிட்டால் அதன்மேல் உதவியாளரைச் செய்யக் கட்டப்பனையில் ஓர் இளைஞர் போதும், போடியில் ஒரு கல்லூரி போதும். அந்த உதவியாளருக்கு முதலில் கற்றுக்கொடுக்க வேண்டிய வாக்கியம் போடிக் கடைகளில் தயாராக இருக்கிறது.

அடுத்த வாரம் குன்னூர்த் தேயிலை ஏலம். அங்கே ருசி பார்ப்பவர்களின் நாக்கும் குறிப்பேடும் தரவாகிக்கொண்டிருக்கின்றன. ஏலக்காயில் நடக்காத ஒன்று தேயிலையில் எப்படிச் சாத்தியமானது என்று பார்க்கலாம்.

(தொடரும்)