கைமாற்றப்படும் உடல்: ‘ரத்தக்கண்ணீ’ரும் ஓர்ட்டனும்

ஜோ ஓர்ட்டனின் ‘என்டர்டெய்னிங் மிஸ்டர் ஸ்லோன்’ நாடகத்தைக் கறுப்பு நகைச்சுவை என்கிறார்கள். அப்படியானால் திருவாரூர் கே. தங்கராசு எழுதி, எம்.ஆர். ராதா மேடைமேடையாக ஆடிய ‘ரத்தக்கண்ணீர்’ எந்த வகை? சீர்திருத்த நாடகம் என்று பெயரெழுதிப் பரணில் ஏற்றிவிட்டோம். இரண்டு பிரதிகளையும் அருகருகே வைத்து வாசிக்கலாம் என்று தோன்றுகிறது.

ஓர்ட்டனின் நாடகம் 1964 மே மாதம் லண்டனில் அரங்கேறியது. குப்பைமேட்டின் நடுவே ஒரு வீடு. நாற்பதைத் தாண்டிய கேத், ஸ்லோன் என்ற இளைஞனைக் குடிவைக்கிறாள். தாய்ப்பாசம் பேசியே அவனை வளைக்கிறாள். அவளுடைய சகோதரன் எட்டுக்கும் அவன்மேல் ஆசை. ஆண்-ஆண் உறவு அன்று அங்கே குற்றம், 1967இல்தான் சட்டம் தளர்ந்தது. எனவே எட் ஒழுக்கம் பேசுகிறான், பெண் சகவாசம் கூடாது என்கிறான், கார் ஓட்டும் வேலை தருகிறான். ஸ்லோன் ஒரு கொலைகாரன் என்று கண்டுகொண்ட தகப்பன் கெம்ப் அவனிடம் அடிபட்டுச் சாகிறார். பிள்ளைகள் போலீசுக்குப் போகவில்லை. ஆளுக்கு ஆறு மாசம் என்று ஸ்லோனைப் பங்கு போட்டுக்கொள்கிறார்கள். இருவரையும் ஆட்டிவைத்தவன் முறைவைத்து உழும் நிலமாகிப் போகிறான். சொல்லுக்கும் செயலுக்கும் நடுவிலுள்ள இடைவெளிதான் இங்கே சிரிப்பு.

‘ரத்தக்கண்ணீ’ரில் இடைவெளி வேறிடத்தில். வெளிநாட்டில் படித்துத் திரும்பிய மோகன், மனைவி சந்திராவை உதறிவிட்டுக் காந்தாவிடம் போகிறான். பணமும் தீர்ந்து தொழுநோயும் வந்தபின் விரட்டப்படுகிறான். மோகன் செய்தது தவறு என்கிறது நீதி. சிரிப்பு அப்படிச் சொல்லவில்லை. நக்கல், எகத்தாளம், கரகரத்த குரல் எல்லாமே ராதா வழியாக மோகனின் சொத்து. எங்க பெண்ணாடத்துல விசேஷ வீட்டு ஒலிபெருக்கியில் இந்த வசனத்தைப் போட்டால் ஜனங்க மோகன் பேச்சைத்தான் கூடவே சொல்லிச் சிரிப்பாங்க. சந்திராவின் பேச்சு ஒண்ணுகூட யாருக்கும் மனப்பாடமில்லை. அதாவது பார்வையாளன் நோயாளியைப் பார்த்து அருவருக்கவும் செய்கிறான், அவன் வாயால் பெண்களை ஏசவும் செய்கிறான். இரட்டை லாபம்.

தொழுநோய் கிருமியால் வருவது. ஹான்சன் 1873லேயே அந்தக் கிருமியைக் கண்டுவிட்டார். காமத்துக்குத் தண்டனையாக அது வருவதில்லை. கடவுளை மறுத்த மேடை, செய்த பாவம் உடம்பில் தெரியும் என்ற கர்மவினைத் தர்க்கத்தை இங்கே சத்தமில்லாமல் கடன் வாங்குகிறது. கிருஷ்ணன்-பஞ்சு இயக்கத்தில் 1954இல் வந்த படமும் இதை விட்டுவிடவில்லை.

படத்தின் முடிவில் மோகனே சந்திராவை நண்பன் பாலுவுக்குக் கட்டிவைக்கிறான். கணவன் உயிரோடிருக்கும்போதே மறுமணம். 1954இல் இது சாதாரணத் துணிச்சலில்லை, குறைத்துச் சொல்ல எனக்கு மனமில்லை. ஆனாலும் இலக்கணமாகப் பார்த்தால் அந்த வாக்கியத்தின் எழுவாய் மோகன், செயப்படுபொருள் சந்திரா. ஒரு ஆண் இன்னொரு ஆணுக்குத் தருகிறான். கன்னிகாதானத்தில் தகப்பன் நின்ற இடத்தில் கணவன் நிற்கிறான். ஓர்ட்டனின் கடைசிக் காட்சியும் உடலைக் கைமாற்றுவதுதான். ஆனால் அங்கே பங்குக்காரர்களில் கேத்தும் ஒருத்தி. தன் ஆறு மாதத்தைத் தானே பேசி வாங்குகிறாள். அதற்குச் சீர்திருத்தம் என்று யாரும் பெயர் வைக்கவில்லை.

சந்திரா பக்கம் நின்று யாராவது ‘ரத்தக்கண்ணீ’ரை மறுபடி மேடையேற்றினால், ராதாவுக்குச் சிரிப்பு விழுந்த இடங்களில் அரங்கம் என்ன செய்யும் என்று பார்க்க ஆசை.