நான்கு நோய்க்கு ஒரே பெயர்

காலையில் எழுந்ததும் தலைவலி, ஒரு வாந்தி. வாந்தி எடுத்த பின் பிள்ளை தெளிந்து பள்ளிக்குப் போய்விடும். பித்தம் என்று ஒரு வாரம், கண்ணாடி போட வேண்டுமோ என்று இன்னொரு வாரம் கழியும். நடை தள்ளாடிய பிறகுதான் ஸ்கேன் எடுப்பார்கள். சிறுமூளையில் கட்டி. அது மூளைநீர் ஓடும் வழியை அடைத்துக்கொள்வதால் மண்டைக்குள் அழுத்தம் ஏறுகிறது. இரவெல்லாம் படுத்திருப்பதால் காலையில் அது அதிகம்.

குழந்தைகளின் மூளையில் வரும் புற்றுக்கட்டிகளில் அதிகம் காணப்படுவது மெடுல்லோபிளாஸ்டோமா. 1925-ல் அமெரிக்காவில் பெய்லியும் குஷிங்கும் வைத்த பெயர். நுண்ணோக்கியில் பார்த்தால், நீலச் சாயம் ஏறிய சின்னஞ்சிறு உருண்டைச் செல்கள் நெருக்கியடித்துக் கிடக்கும். அப்படித் தெரிந்தால் சிகிச்சை ஏறக்குறைய ஒன்றுதான்: அறுவை, மூளை முழுவதற்கும் முதுகுத்தண்டு முழுவதற்கும் ரேடியேஷன், பிறகு கீமோ. ஒரே சிகிச்சையில் ஒரு பிள்ளை பிழைத்தது, இன்னொன்றுக்குக் கட்டி திரும்ப வந்தது. ஏன் என்று நுண்ணோக்கி சொல்லவில்லை.

விடை மரபணுக்களில் இருந்தது. எந்த மரபணு வேலை செய்கிறது, எது அடங்கிக் கிடக்கிறது என்று பார்த்தபோது, இவை நான்கு வேறு நோய்கள் என்று தெரிந்தது: டபிள்யூ.என்.டி., எஸ்.எச்.எச்., குரூப் 3, குரூப் 4. கடைசி இரண்டுக்கும் இன்னும் ஒரு ஒழுங்கான பெயர்கூட அமையவில்லை. 2016-ல் உலக சுகாதார நிறுவனத்தின் வகைப்பாட்டில் மரபணு விவரமும் சேர்ந்தது.

பத்தில் ஒன்று டபிள்யூ.என்.டி. வகை. இந்தக் குழந்தைகளில் 90 சதவீதத்துக்கும் மேல் ஐந்து ஆண்டுகளைத் தாண்டி வாழ்கிறார்கள். இதற்கு ஒரு காரணம் சுவையானது. மூளையின் ரத்தக்குழாய்கள் மருந்தை எளிதில் உள்ளே விடாதவை. ஆனால் இந்தக் கட்டி சுரக்கும் பொருட்களே அதற்குள் ஓடும் குழாய்களை ஓட்டையாக்கிவிடுகின்றன. கீமோ மருந்து தாராளமாக உள்ளே புகுகிறது. கட்டி தன் கதவைத் தானே திறந்துவைக்கிறது. குரூப் 3 வகையில், அதுவும் மிக் என்ற மரபணு பல படிகளாகப் பெருகியிருந்தால், நிலைமை நேர் எதிர்.

வகை தெரிந்து என்ன லாபம்? வளரும் மூளையில் விழும் ரேடியேஷன் சும்மா போவதில்லை. படிப்பில் மந்தம், ஹார்மோன் குறைவு, முதுகெலும்பு வளராமல் உயரக் குறைவு என்று பிழைத்த பிள்ளை பின்னால் விலை கொடுக்கிறது. ஆபத்து குறைந்தவர்களுக்கு மூளைக்கும் தண்டுவடத்துக்கும் 23.4 கிரே, அதிகமானவர்களுக்கு 36 கிரே என்பது வழக்கமான அளவு. எளிதில் அடங்கும் வகைக்கு இன்னும் குறைக்கலாமே என்ற ஆசை இயல்பு.

மும்பை டாடா நினைவு மையத்தில் அதைச் சோதித்தார்கள். டபிள்யூ.என்.டி. வகைக் குழந்தைகள் சிலருக்கு மூளை, தண்டுவடம் முழுவதையும் விட்டு, கட்டி இருந்த இடத்துக்கு மட்டும் ரேடியேஷன் கொடுத்தார்கள், கீமோவும் உண்டு. வேறு இடங்களில் நோய் தலைதூக்கியதால் ஆய்வைப் பாதியில் நிறுத்தினார்கள். என் பார்வையில் இது வீண்போன ஆய்வல்ல. மூளைக்கும் தண்டுவடத்துக்கும் தரும் ரேடியேஷனை அடியோடு விட முடியாது என்ற எல்லை தெரிந்ததே அதனால்தான்.

குறிவைத்துத் தாக்கும் மருந்திலும் வளரும் உடல் விலை கொடுக்கும் சிக்கல் உண்டு. எஸ்.எச்.எச். வகைக் கட்டியை வளர்க்கும் சமிக்ஞைப் பாதையை அடைக்கும் விஸ்மோடெகிப் என்ற மருந்து உண்டு. ஆனால் எலும்பு நீளவும் அதேபோன்ற சமிக்ஞைதான் வேண்டும். சிறு பிள்ளைக்குக் கொடுத்தால் எலும்பின் வளர்முனை காலத்துக்கு முன்பே மூடிவிடும். அதனால் எலும்பு வளர்ச்சி முடிந்தவர்களுக்கே அது பொருந்தும்.

கட்டியின் வகையைக் கண்டறியும் சோதனைக்கு வெளிநாடுதான் போக வேண்டும் என்றில்லை. டாடா மைய ஆய்வாளர்கள் 12 மரபணுக்களையும் 9 மைக்ரோ ஆர்.என்.ஏ.க்களையும் மட்டும் அளந்து வகை சொல்லும் பி.சி.ஆர். முறையை 2013-லேயே வெளியிட்டார்கள். உறைநிலையில் வைத்த திசு தேவையில்லை. பயாப்ஸி லேபில் மெழுகில் பதித்து வைக்கும் துண்டே போதும்.

ஆகவே பெற்றோருக்கு ஒரு வார்த்தை. அறுவை முடிந்து வேறு மருத்துவமனைக்கு மாறும்போது, ஸ்கேன் படங்களோடு மெழுகில் பதித்த அந்தத் துண்டையும் (பாரஃபின் பிளாக்) கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். ரேடியேஷன் தொடங்கும் முன், ‘இது எந்த வகை, டாக்டர்?’ என்று கேளுங்கள்.