குதிகாலில் சில துளி இரத்தம்

வீட்டில் ஒரு பிள்ளை பிறந்தால் நாம் கேட்கும் முதற் கேள்வி, "தாயும் சேயும் நலமா?" என்பதே. குரலெடுத்து அழுதது, எடை சரியாக இருக்கிறது, அங்கக்குறை ஏதுமில்லை என்று கேட்டதும் நிறைவடைகிறோம். ஆனால் கண்ணுக்குப் புலனாகாத குறைகளும் சில உண்டு. அவற்றைச் சில நாட்களுக்குள் அறிந்துகொண்டால் தக்க சிகிச்சையால் காக்கலாம். சில மாதங்கள் கழித்து அறிந்தாலோ, இழந்ததை மீட்பது அரிது.

கழுத்திலுள்ள தைராய்டு சுரப்பியை எடுத்துக் கொள்வோம். அது பிறவியிலேயே சரிவர அமையாத குழந்தை அதிகமாக அழாது, நெடுநேரம் உறங்கும். "சமர்த்துப் பிள்ளை" என்று பாட்டிமார் மெச்சுவர். அந்த மெச்சுதலினூடே மூளையின் வளர்ச்சி குன்றிக்கொண்டிருக்கும். முதல் இரண்டு வாரங்களுக்குள் தைராக்ஸின் மாத்திரையைப் பொடித்துக் கொடுக்கத் தொடங்கினால் அக்குழந்தை ஏனையோரைப் போலவே வளரும். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் ஐந்து நகரங்களில் ஓர் இலட்சத்துக்கும் மேற்பட்ட குழந்தைகளைச் சோதித்தபோது, ஏறத்தாழ 1,130 பேருக்கு ஒருவரிடம் இக்குறை காணப்பட்டது. ஆகவே இதனை அபூர்வ வியாதி என்று ஒதுக்க இயலாது.

இக்குறை பெரும்பாலும் பரம்பரையாக வருவதன்று. பரம்பரைக் குறைகள் வேறு வகையின. உணவிலுள்ள புரதச் சத்தைப் பக்குவப்படுத்தும் நொதிகளுள் ஒன்று இல்லாவிடில், தாய்ப்பாலே சில குழந்தைகளுக்கு நஞ்சாகிவிடும். அத்தகைய ஒரு நோயை 1934ஆம் ஆண்டில் நார்வே நாட்டு மருத்துவர் ஃபோலிங் கண்டறிந்தார். உலர்ந்த இரத்தத் துளியைக் கொண்டே அதனை அறியும் எளிய முறையை அமெரிக்கரான ராபர்ட் கத்ரி 1960களின் தொடக்கத்தில் வகுத்தார்.

இம்முயற்சியில் நாம் வாழும் பெங்களூருக்கும் சிறப்பான இடமுண்டு. இந்திய விஞ்ஞானக் கழகத்தின் பேராசிரியர் அப்பாஜி ராவும் அவர்தம் குழுவினரும் 1980இல் தொடங்கி, கர்நாடகத்தில் பிறந்த 1,12,269 குழந்தைகளின் இரத்தத்தைச் சோதித்தனர். பெங்களூர், மைசூர் நகரங்களில் அக்காலத்தில் நடந்த திருமணங்களையும் ஆராய்ந்தனர். ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு உறவுக்குள் நடந்தவை. தாய்மாமனுக்கு அக்காள் மகளைக் கொடுப்பதும் அவற்றுள் மிகுதி. நம்மவரிடையேயும் இவ்வழக்கம் புதிதன்று.

உறவு மணத்தால் நேர்வது என்ன? தாய் தந்தை இருவரிடமும் ஒரே பழுது மறைந்திருந்தால், ஒவ்வொரு பேற்றிலும் நான்கில் ஒரு பங்கு அளவுக்கு நோய் தோன்ற வாய்ப்புண்டு. ஒரே மூதாதையரின் வழிவந்தோரிடம் ஒரே பழுது அமைவது எளிது. பழுதில் பாதி தந்தை வழியாகவும் வருவதால், மருமகளை மட்டும் பழிப்பது அறிவுக்கும் பொருந்தாது, அறத்துக்கும் பொருந்தாது.

சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் என்பதும் இவ்வகையினதே. நுரையீரலிலும் கணையத்திலும் சுரக்கும் நீர், பிசின்போல் கெட்டியாகி வழிகளை அடைத்துவிடும். குழந்தை ஓயாது இருமும். நன்றாகப் பால் குடித்தும் தேறாது. மலம் எண்ணெய்ப் பசையுடன் இருக்கும். முத்தமிட்டால் மேனி உப்புக் கரிக்கும். இருமலையும் மெலிவையும் கண்டு காசநோய் என்றோ, ஊட்டக்குறை என்றோ தவறாக எண்ணிவிடுதல் உண்டு. கணைய அடைப்பால் இரத்தத்தில் மிகும் டிரிப்சினோஜன் என்னும் பொருளை அதே உலர்ந்த துளியில் அளந்து ஐயத்தை எழுப்பலாம்; வியர்வையிலுள்ள உப்பை அளந்து உறுதிப்படுத்தலாம்.

மற்றொன்று ஜி6பிடி குறைபாடு. இக்குறையுள்ள குழந்தைக்கு, பெட்டியில் அந்துருண்டையோடு வைத்திருந்த துணியைச் சுற்றினாலே இரத்த அணுக்கள் சிதைந்து மஞ்சட் காமாலை முற்றக்கூடும். முன்னரே அறிந்தால் அவ்வுருண்டையை விலக்குவதே பெரும் பாதுகாப்பு.

சோதனை எளியது. பிறந்து ஒரு நாள் கழிந்தபின், மூன்று நாட்களுக்குள், குதிகாலில் சிறிது குத்தி, சில துளிகளைத் தனிக் காகிதத்தில் உலர்த்தி அனுப்புவார்கள். எல்லா மருத்துவமனைகளிலும் இது தானாக நடைபெறுவதில்லை; நாமே கேட்க வேண்டும். ஐயம் உண்டு என்று முடிவு வந்தால், நோய் உறுதியாயிற்று என்பது அதன் பொருளன்று. மறுசோதனை வேண்டும் என்பதே. பெங்களூரில் மனித மரபியல் மையமும் இந்திரா காந்தி குழந்தைகள் நல நிறுவனமும் அரிய நோய்களுக்கான தேசிய மையமாகச் சேர்ந்து பணிபுரிகின்றன.

வெளிமாநிலத்தில் வாழும் நமக்கு ஓர் இடர் தனியாக உண்டு. அல்சூரிலும் ஸ்ரீராமபுரத்திலும் குடித்தனம் நடத்தும் பெண், தலைப்பிரசவத்துக்குச் சேலத்துக்கோ வேலூருக்கோ தாய்வீடு செல்கிறாள். இரத்தம் அங்கே எடுக்கப்படுகிறது; முடிவு வருமுன் குழந்தை இங்கே வந்துவிடுகிறது. மறுசோதனைக்கான அழைப்பு, பழைய தொலைபேசி எண்ணைத் தேடி அலைகிறது. ஆகவே இரு வீட்டு எண்களையும் மருத்துவமனையில் எழுதிக் கொடுப்போம். முடிவுச் சீட்டைக் கேட்டு வாங்கித் தடுப்பூசி அட்டையுடன் வைத்துக் கொள்வோம். பேர் சூட்டும் நாளைக் குறித்துவைக்கும் நாம், இச்சீட்டு வரவேண்டிய நாளையும் அதனருகே குறித்துவைப்போமாக.