பூனைப் பெட்டியின் மரத்தூள் உரமாகுமா?

பூனை வளர்க்கும் வீடுகளில் இப்போது மணலுக்குப் பதிலாக மரத்தூள் பெல்லட்டுகளைப் பயன்படுத்துகிறார்கள். மரத்தூளை இயந்திரத்தில் அழுத்திச் சிறு குச்சிகளாக்குவதே பெல்லட். அழுத்தும்போது உண்டாகும் வெப்பத்தில் மரத்திலுள்ள லிக்னின் இளகி, பசைபோல் தூளை ஒட்டிவைக்கிறது. பூனையின் சிறுநீர் பட்டதும் குச்சி உப்பி, மறுபடியும் தூளாகிவிடும். அந்தத் தூளைச் செடிக்கு உரமாகப் போடலாமா?

செம்பனை ஆலை தரும் பாடம்

சிரம்பான், போர்ட்டிக்சன், பகாவ் வட்டாரங்களில் ஒருகாலத்தில் ரப்பர் மரங்கள் நின்ற தோட்டங்கள் பலவற்றில் இன்று செம்பனை நிற்கிறது. ஆலையில் ஒரு டன் பழக்குலையை வேகவைத்துப் பழங்களை உதிர்த்தால், 200 கிலோவுக்கு மேல் வெறுங்குலை மிஞ்சும். நார் நிறைந்த இந்தக் குலையில் கார்பன் மிக அதிகம், நைட்ரஜன் குறைவு. அதனால் உரம் தயாரிக்கும் ஆலைகளில் குலையைத் துண்டாக்கிக் குவித்து, நைட்ரஜன் உள்ள ஆலைக் கழிவுநீரை அதன்மேல் தெளித்து, அடிக்கடி புரட்டிவிடுகிறார்கள்.

ஏன் இந்தக் கலவை? குப்பையை மட்கச் செய்யும் நுண்ணுயிர்களுக்கு ஒரு பங்கு நைட்ரஜனுக்கு 25 முதல் 30 பங்கு கார்பன் இருந்தால் போதும். மரத்தூளிலோ கார்பன் 200 பங்கைத் தாண்டும். வெறும் மரத்தூளை மண்ணில் கலந்தால், நுண்ணுயிர்கள் தங்களுக்கு வேண்டிய நைட்ரஜனை மண்ணிலிருந்தே எடுத்துக்கொள்ளும். செடிக்குக் கிடைக்காது, இலை மஞ்சளாகும். பூனையின் சிறுநீரில் யூரியா இருப்பதால் நனைந்த தூளில் நைட்ரஜன் ஓரளவு சேர்கிறது. அதோடு வெட்டிய புல், சமையலறைக் காய்கறிக் கழிவு ஆகியவற்றையும் கலந்தால் தூள் நன்றாக மட்கும்.

கண்ணுக்குத் தெரியாத ஆபத்து

ஆனால் வெறுங்குலையில் இல்லாத ஒன்று பூனை மலத்தில் இருக்கலாம். அது டோக்ஸோபிளாஸ்மா என்ற ஒட்டுண்ணி. பூனை இனத்தின் குடலில்தான் இது முட்டை போன்ற நுண் உறைகளை உருவாக்குகிறது. முதன்முறை தொற்றிய பூனை ஒன்று முதல் மூன்று வாரங்களுக்கு இவற்றை இலட்சக்கணக்கில் வெளியேற்றும். ஈரமண்ணில் இவை பல மாதங்கள் உயிரோடு இருக்கும். நல்ல உடல்நலம் உள்ளவர்களுக்குப் பெரும்பாலும் அறிகுறியே தெரியாது. கர்ப்பிணிக்கு முதன்முறை தொற்றினால், கருவிலுள்ள குழந்தையின் கண்ணும் மூளையும் பாதிக்கப்படலாம்.

குவியல் முழுவதும் 55 பாகை செல்சியசுக்கு மேல் பல நாள் சூடாக இருந்தால் நோய்க்கிருமிகள் அழியும். ஆலையின் பெரிய குவியலில் இது எளிது. வீட்டுக் கொல்லையிலுள்ள சிறு குவியலின் நடுப்பகுதி சூடானாலும் ஓரங்கள் குளிர்ந்தே இருக்கும். ஆகவே வீட்டில் செய்த இந்த உரத்தைக் கீரை, மிளகாய், தக்காளிப் பாத்திகளில் போடவே கூடாது. ஓராண்டு மட்கவிட்டுப் பூச்செடிகளுக்கு மட்டும் போடலாம்.

செய்ய வேண்டியவை

மலத்தை நாள்தோறும் அள்ளிப் பையில் கட்டிக் குப்பைத் தொட்டியில் போடுங்கள். வெளியேறிய நுண் உறை தொற்றும் தன்மை பெறக் குறைந்தது ஒரு நாளாவது ஆகும். அதனால் தினமும் அள்ளுவது ஆபத்தைக் குறைக்கும். கையுறை அணியுங்கள், பிறகு சோப்பால் கை கழுவுங்கள். கர்ப்பிணிகள் இந்த வேலையைச் செய்ய வேண்டாம். கால்வாயிலும் கொட்டாதீர்கள். கலிபோர்னியாவில் நிலத்திலிருந்து கடலுக்குச் சென்ற இதே ஒட்டுண்ணியால் கடல் நீர்நாய்கள் இறந்ததை ஆய்வாளர்கள் கண்டறிந்துள்ளனர். நம் லிங்கி ஆறும் மலாக்கா நீரிணையில்தான் கலக்கிறது.

சோதித்துப் பாருங்கள்

பூனை பயன்படுத்தாத புதிய பெல்லட்டுகளை நீரில் ஊறவைத்துத் தூளாக்குங்கள். ஒரு சாக்கில் தூளை மட்டும் போடுங்கள். இன்னொன்றில் ஒரு பங்கு தூளுக்கு மூன்று பங்கு புதிதாக வெட்டிய புல்லைக் கலந்து போடுங்கள். இரண்டு வாரம் தினமும் வெப்பநிலையை அளந்து வரைபடம் வரையுங்கள். நைட்ரஜன் செய்யும் வேலை அந்தக் கோட்டில் தெரியும்.