நிக்கோலஸ் கேஜ் வைத்திருந்த காமிக்ஸ்: பெயருக்கு எவ்வளவு விலை?

2026 ஜனவரியில் ஒரு பழைய காமிக்ஸ் புத்தகம் 1.5 கோடி டாலருக்குக் கைமாறியது. அதுவரை எந்தக் காமிக்ஸும் அந்த விலைக்குப் போனதில்லை. சூப்பர்மேன் முதன்முதலாக வந்த 'ஆக்‌ஷன் காமிக்ஸ்' முதல் இதழ் அது. 1938-ல் கடையில் 10 சென்ட். செய்தி போட்டவர்கள் மறக்காமல் ஒரு பெயரையும் சேர்த்துக்கொண்டார்கள்: நிக்கோலஸ் கேஜ். ஒருகாலத்தில் இந்தப் பிரதி அந்த ஹாலிவுட் நடிகரிடம் இருந்தது.

அப்படின்னா, பிரபலம் ஒருவர் வைத்திருந்தார் என்பதற்காகக் காமிக்ஸின் விலை ஏறுமா? ஏறும் என்றுதான் நானும் நினைத்திருந்தேன். விற்பனை விலைகளைப் பக்கத்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்த பிறகு அவ்வளவு உறுதியாகச் சொல்ல முடியவில்லை.

கேஜ் சும்மா பணத்துக்காக வாங்கியவர் இல்லை. நல்ல காமிக்ஸ் பைத்தியம். மகனுக்கே சூப்பர்மேனின் பிறவிப் பெயரான 'கால்-எல்' என்று பேர் வைத்தவர். 1990-களில் அவர் வாங்கிய இந்தப் பிரதி 2000-ல் அவருடைய லாஸ் ஏஞ்சலஸ் வீட்டிலிருந்து திருடு போனது. 11 வருஷம் கழித்து, 2011-ல், கலிபோர்னியாவிலேயே ஒரு வாடகைச் சேமிப்பு அறையில் கிடைத்தது. அதே நவம்பரில் ஏலத்தில் 21.6 லட்சம் டாலர். ஒரு காமிக்ஸ் 20 லட்சத்தைத் தாண்டியது அதுதான் முதல் தடவை.

இதில் கேஜ் பெயருக்கு எவ்வளவு, புத்தகத்துக்கு எவ்வளவு? பிரித்துப் பார்க்க ஒரு வழி இருக்கிறது. சிஜிசி என்ற அமெரிக்க நிறுவனம் காமிக்ஸின் நிலையைப் பார்த்து 10-க்கு மதிப்பெண் போட்டு, பிளாஸ்டிக் உறையில் வைத்து மூடித் தருகிறது. ஒரே இதழ், ஒரே மதிப்பெண் என்றால் ஒப்பிடலாம் இல்லையா? இதே இதழின் விலைகள்:

2010 பிப்ரவரி, மதிப்பெண் 8.0: 10 லட்சம் டாலர்.
2010 மார்ச், 8.5: 15 லட்சம்.
2011 நவம்பர், 9.0, கேஜ் பிரதி: 21.6 லட்சம்.
2014 ஆகஸ்ட், 9.0, பிரபலம் யாரும் இல்லை: 32 லட்சம்.

மதிப்பெண் அரைப்படி ஏற ஏற விலையும் ஏறுகிறது. கேஜ் பிரதி அந்த வரிசையிலேயே அமைதியாக உட்கார்ந்திருக்கிறது. மூணு வருஷம் கழித்து வந்த பெயரில்லாத பிரதி அதைவிட 10 லட்சம் கூடுதலாகப் போனது. இடையில் சந்தை ஏறியிருக்கலாம். அந்தப் பிரதியின் தாள்கள் வெள்ளையாக இருந்ததும் ஒரு காரணம். ஆனா பெயர் இல்லாததால் அது ஒன்றும் நஷ்டப்பட்டுவிடவில்லை.

இதற்கு நேர் எதிரான உதாரணமும் உண்டு. 1996-ல் ஜாக்குலின் கென்னடியின் பொருட்களை சதபீஸ் ஏலம் விட்டது. போலி முத்துமாலை ஒன்றுக்கு 500 முதல் 700 டாலர் வரும் என்று கணித்தார்கள். போனது 2,11,500 டாலருக்கு! அங்கே பெயர்தான் முழு விலையும். பெயரை எடுத்துவிட்டால் மிச்சம் கண்ணாடி மணிதான். அதோடு, அது அவர் கழுத்தில் கிடந்தது, போட்டோவில் தெரிகிறது. ஜார்ஜ் நியூமன், பால் புளூம் என்ற இரண்டு ஆய்வாளர்கள் இந்த மாதிரி ஏலங்களை ஆராய்ந்து 2014-ல் எழுதினார்கள்: மக்களுக்குப் பிடித்த பிரபலத்தின் உடம்பு எவ்வளவு பட்டிருக்கும் என்று தோன்றுகிறதோ, அவ்வளவு விலை ஏறுகிறது.

காமிக்ஸில் இது தலைகீழ். யாரும் அதிகம் தொடாத பிரதிக்குத்தான் மதிப்பெண். தொட்ட தடயம் தெரிந்தால் விலை குறையும். பிரபலத்தின் பெயர் ஒட்ட வேண்டிய இடத்தையே இந்தச் சந்தை குறை என்று கணக்கு வைக்கிறது.

அப்போ முன்னாள் சொந்தக்காரர் யார் என்பதே முக்கியமில்லையா? முக்கியம்தான், ஆனா வேறு காரணத்துக்காக. எட்கர் சர்ச் என்பவர் கொலராடோவில் விளம்பரப் படம் வரைந்து பிழைத்தவர். ஊருக்குத் தெரியாத ஆள். அவர் வாங்கி அடுக்கி வைத்திருந்த ஆயிரக்கணக்கான காமிக்ஸ்கள் 1977-ல் வெளியே வந்தன. 'மைல் ஹை' தொகுப்பு என்று அதற்குப் பெயர். அதிலிருந்து ஒரு பிரதி வந்தாலே சேகரிப்பாளர்கள் கூடுதல் விலை கொடுக்கிறார்கள். அவர் யார் என்பதற்காக இல்லை. வறண்ட ஊரில், அசையாத அடுக்கில், தாள் பழுக்காமல் வைத்திருந்தார் என்பதற்காக.

சரி, அந்த 1.5 கோடி? 2024-ல் இதே இதழின் 8.5 பிரதி ஒன்று 60 லட்சத்துக்குப் போனது. 2025 நவம்பரில் 'சூப்பர்மேன்' முதல் இதழ் 91.2 லட்சம். சந்தையே எங்கோ போய்விட்டது. அதற்கு மேலும் ஏதோ கூடியிருக்கலாம். திருடு போய்த் திரும்பி வந்த கதை யாருக்குத்தான் பிடிக்காது? ஆனா அது ஏலம் இல்லை, தனிப்பட்ட விற்பனை. இன்னொருவர் எதுவரை போட்டி போட்டிருப்பார் என்று பார்க்க வழியில்லை. அந்தக் கதைகூட இந்தப் பிரதிக்குத்தான் சொந்தம். கேஜ் 2002-ல் விற்ற மற்ற நூற்றுக்கணக்கான காமிக்ஸ்களுக்கு அந்தக் கதை இல்லை.

அதனால் 'இன்னார் வைத்திருந்தது' என்று யாராவது ஒரு காமிக்ஸை நீட்டினால், அதே இதழ், அதே மதிப்பெண், பெயரில்லாத பிரதி கடைசியாக என்ன விலைக்குப் போனது என்று முதலில் பாருங்கள். பெரிய ஏல நிறுவனங்கள் பழைய விலைகளை இணையத்திலேயே வைத்திருக்கின்றன. அதற்கு மேல் நீங்கள் கொடுப்பது உங்கள் ஆசைக்கு. ஆசைக்குக் கொடுப்பதில் தப்பில்லை. முதலீடு என்று நினைத்துக் கொடுத்தால்தான் சிக்கல், ஏன்னா அடுத்து வாங்குகிறவருக்கு அந்த நடிகரைப் பிடிக்க வேண்டும் என்று ஒன்றும் கட்டாயமில்லை.